ஊசி ஏறும்போது ஒரு ஸ்தோத்திரம்

நாகர்கோவிலில் நான் டயாலிசிஸ் எடுத்த நாட்களில், பக்கத்துக் கட்டிலில் ஓர் அக்கா படுத்திருப்பார். ஒட்டிய கன்னம், கை நரம்பு கயிறுபோலப் புடைத்திருக்கும். ஒவ்வொரு முறை ஊசி ஏறும்போதும் சத்தமாக "ஸ்தோத்திரம்" என்பார். எனக்கு எரிச்சலாக வரும்.

"வலிக்கதுக்கா ஸ்தோத்திரம்?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"எனக்கு ஏன்னு நானும் கர்த்தர்ட்ட சண்டை போட்டவதான் மக்கா. இந்த மெஷின் எப்பிடி ஓடுகுன்னே எனக்கு மனசிலாவல்ல, ஆனாலும் கைய நீட்டுகேன். பின்ன அவருக்க ஞானத்தையா நான் அளக்க?"

பிறகொரு நாள் அக்காவுக்கு ஊசி வலியில்லாமல் ஏறியது. அக்கா பேசாமல் கிடந்தார்.

"இண்ணைக்கு ஸ்தோத்திரம் இல்லியாக்கா?"

"வலிக்கல்ல, மறந்துட்டேன்," என்றார்.

வலித்த நாட்களில் ஒருமுறைகூடக் கலங்காதவர், அப்போது கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை.