சோயாமீற்றும் ஈரலுக்குப் போன மருந்தும்

எனக்கு எழுத்து மெல்லத்தான் வரும். ஓரெழுத்தைப் போட்டு, அதைப் பார்த்து, பிறகுதான் அடுத்ததைப் போடுவேன். ஆனாலும் என் வீட்டுக் கதையை வேறொருவரைக் கொண்டு எழுதுவிக்க எனக்கு விருப்பமில்லை. அவர்கள் சோயாமீற்றை விட்டுவிட்டு மருந்தை மட்டும் எழுதுவார்கள்.

என் வீட்டுக்காரர் வெங்காயத் தோட்டக்காரர். சுன்னாகம் சந்தையில் அவருடைய வெங்காயத்தைக் கையில் எடுத்தவர் ஒருவரும் திருப்பி வைத்ததில்லை. நாங்கள் வருடம் முழுக்கச் சைவம். ஊர் அம்மன் கோயிலில் திருவிழாக் கொடி ஏறிவிட்டால் இன்னும் கடுமை. அடுப்படியைக் கழுவி, சட்டி பானையை மாற்றி, முட்டைக்காரியைப் படலையடியில் நிற்கவும் விடமாட்டார். இதெல்லாம் மற்ற வீடுகளிலும் உள்ளதுதான். ஆனால் இவர், கடையில் பைக்கற்றில் விற்கிற சோயாமீற்றையும் மச்ச மாமிசக் கணக்கில் சேர்த்துவிட்டார். "பேரிலேயே மீற் எண்டு கிடக்கு, மீற் எண்டால் இறைச்சி. பிறகென்ன ஆராய்ச்சி?" என்பார். எனக்கோ அந்தப் பைக்கற்றைத் திறந்து பார்க்க நெடுநாள் ஆசை.

போன முறை கொடி ஏறியிருந்தபோது இவர் ஆசுபத்திரியில் கிடந்தார். விடாத காய்ச்சல். படம் பிடித்துப் பார்த்தால் ஈரலில் சின்னச் சின்னப் பொட்டுகள். பாணில் பிடிக்குமே பூஞ்சணம், அது ஈரலில் பிடித்திருக்கிறதாம். நீரிழிவு என்கிற சீனி வருத்தமும் இருந்தபடியால் இலகுவாகப் பிடித்துக்கொண்டது என்றார்கள்.

டொக்டர் ஒரு இளம் பெண். கட்டிலில் குந்தாத குறையாக நின்று ஆறுதலாகச் சொன்னாள்.

"ஐயா, இந்த மருந்தைச் சும்மா ஏத்தினால் உடம்பு முழுக்க ஓடி உங்கடை கிட்னியை அடிச்சுப்போடும். அது ஏற்கெனவே களைச்சுப்போய்க் கிடக்கு. அதாலை வேறை விதமாச் செய்த மருந்து எடுப்பிச்சிருக்கிறம். கண்ணுக்குத் தெரியாத கொழுப்புக் குமிழிக்குள்ளை மருந்தை வைச்சிருக்கு. ஈரலிலை, இரத்தத்தோடை வாற குப்பையைப் பிடிச்சு விழுங்கிற கலங்கள், செல் எண்டு சொல்லுறது, இருக்கு. அதுகள் குமிழியைக் குப்பை எண்டு நினைச்சு விழுங்கும். குமிழி உடைய, மருந்து ஈரலிலையே இறங்கும்."

"கொழுப்பு இவருக்கு ஏற்கெனவே கூடத்தான் பிள்ளை. இன்னும் ஏத்தப்போறியளோ?" என்றேன் நான்.

பக்கத்துக் கட்டிலில் குருநகர்க் கடற்றொழிலாளி ஒருவர் காற்புண்ணோடு படுத்திருந்தார். அவர் சிரித்த சிரிப்பில் கட்டில் கிரீச்சிட்டது.

இவர் சிரிக்கவில்லை. "என்ன கொழுப்பு? ஆட்டுக் கொழுப்போ, மாட்டுக் கொழுப்போ?"

"ஐயோ, இல்லை ஐயா. சோயாவிலை எடுத்தது," என்றாள் அந்தப் பிள்ளை, நல்ல சேதி சொல்கிற முகத்தோடு.

எனக்கு விளங்கிவிட்டது, காரியம் கெட்டுது என்று.

"சோயாமீற்றோ? அப்ப ஏத்த வேண்டாம்."

"ஐயா, சோயா எண்டது ஒரு அவரை. அதின்ரை விதை."

"விதையெண்டால் விதையெண்டு பேர் வைச்சிருப்பான். மீற் எண்டு ஏன் வைச்சவன்?"

அவள் பேரை விட்டுவிட்டாள். வேறு பக்கத்தால் வந்தாள். "குமிழி உங்கடை வெங்காயம் மாதிரித்தான் ஐயா. தோலுக்குள்ளை தோல், அதுக்குள்ளை தோல்…"

"வெங்காயத்தை உரிச்சுக்கொண்டு போனால் உள்ளுக்கை ஒண்டும் இராதே. மருந்து எங்கை கிடக்கு?"

"எனக்கு ஆட்டுக் கொழுப்பெண்டாலும் பரவாயில்லை, ஏத்துங்கோ டொக்டர்," என்றார் குருநகர்க்காரர்.

டொக்டர் என்னை வெளி விறாந்தைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். "அம்மா, பகிடியில்லை. நாள் போகப்போகப் பொட்டுகள் பெருக்கும். பிறகு மருந்து இருந்தும் பிரயோசனம் இல்லை. ஐயா ஓம் எண்டு சொன்னால் நாளைக்கே தொடங்கலாம். சொல்லாமல் நாங்கள் ஏத்தேலாது."

"கொடி இறங்குமட்டும் பொறுக்கேலாதோ?"

"ஈரல் பொறுக்காது அம்மா."

அதோடு எனக்குப் பகிடி போய்விட்டது. ஆனால் நான் அவரிடம் போய்க் கெஞ்சவில்லை. கெஞ்சினால் அவர் இன்னும் இறுகுவார். எனக்கும் அது பழக்கமில்லை.

அன்று பின்னேரம் ஊரில் பஸ்ஸால் இறங்கிக் கடைக்குப் போனேன். "ஒரு சோயாமீற் பைக்கற் தாரும்."

கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். "ஆருக்கம்மா? வீட்டுக்கோ?"

"பின்னை, கோயிலுக்கோ?"

வீட்டில் பைக்கற்றை மேசையில் வைத்து, உள்ளே என்ன கிடக்கென்று எழுத்துக் கூட்டினேன். சோ-யா அவ-ரை மா. இரண்டு தரம் கூட்டியும் அதுதான் வந்தது. ஆடு மாடு ஒன்றும் வரவில்லை. சுடுதண்ணீரில் ஊறவிட்டுப் பிழிந்து, வெங்காயம் தாளித்து, எங்கள் கறித்தூள் போட்டு, தேங்காய்க் கட்டிப்பால் விட்டு இறக்கினேன். சும்மா சொல்லக்கூடாது, ஒருக்கால் போட்டுச் சாப்பிட்டு, இன்னும் கொஞ்சம் போட்டும் சாப்பிட்டேன். விடிய முழுகிக் கோயிலுக்குப் போனேன். அம்மன் எப்போதும்போல இருந்தா. விளக்கும் எப்போதும்போல எரிந்தது. திருநீறு வாங்கிச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு, கறியைச் சாப்பாட்டுக் கரியரில் எடுத்துக்கொண்டு ஆசுபத்திரிக்குப் போனேன்.

"இஞ்சருங்கோ. நேற்று நான் சோயாமீற் காய்ச்சிச் சாப்பிட்டனான்."

இவர் எழும்பி இருந்துவிட்டார். "எங்கை?"

"எங்கடை அடுப்பிலை."

"எங்கடை சட்டியிலையோ?"

"பின்னை, தாச்சியை இரவல் வாங்கினனானோ?"

"கொடி ஏறி நிக்கேக்கையோ!"

"ஓம். இண்டைக்குக் காலமை கோயிலுக்கும் போட்டுத்தான் வாறன். அம்மன் என்னை உள்ளை விட்டவ. இந்தாங்கோ திருநீறு. இப்ப சொல்லுங்கோ, நான் மச்சம் சாப்பிட்டனானோ?"

இவர் திருநீற்றைக் கையில் வாங்கினார். ஓம் என்றால், இனி என் கையால் ஒரு பிடி சோறு வாங்க முடியாது. இல்லை என்றால் மருந்தும் சைவம். இரண்டு பக்கமும் வரம்பு கட்டிவிட்டேன். தண்ணீர் ஒரு வழியாலேதான் போகவேண்டும்.

"அண்ணை, மருந்துக்கு ஓமெண்டு சொல்லுங்கோ," என்றார் குருநகர்க்காரர். "இல்லாட்டி அக்கா நாளைக்கு நண்டுக் கறியோடை வந்து நிப்பா."

இவர் திருநீற்றைப் பூசினார். கரியரைத் திறந்து மூக்கருகே பிடித்து மணந்து பார்த்தார். "பெருஞ்சீரகம் கூடிப்போச்சு."

"சாப்பிடாமல் எப்பிடித் தெரியும்?"

ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டார். நான் யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன். மென்றார், மென்றார், விழுங்கினார்.

"உப்பும் காணாது," என்றுவிட்டு டொக்டரைக் கூப்பிட்டார். "பிள்ளை, ஏத்தும்."

மருந்து மஞ்சளாக இருந்தது. "மஞ்சள் தண்ணி மாதிரிக் கிடக்கு. நல்ல நிறம்," என்று சந்தோசப்பட்டார். முதலில் கொஞ்சம் குளிரென்று நடுங்கினார், போர்த்துவிட்டார்கள். நடுக்கம் நின்றதும் கையைக் காட்டிக் கேள்வி தொடங்கியது. "குமிழி இப்ப எவ்விடத்தை போகுது பிள்ளை? ஈரலுக்கை இறங்கியிட்டுதோ?" தோட்டத்துக்குத் தண்ணீர் மாறுகிற நேரம், எந்தப் பாத்தியில் தண்ணீர் நிற்கிறது என்று துரவடியில் நின்று என்னைக் கேட்பாரே, அதே குரல். அந்தக் குரலைக் கேட்டவுடன் எனக்குப் பசி வந்துவிட்டது. மிச்சக் கறியை நானும் குருநகர்க்காரரும் ஆசுபத்திரிச் சோற்றோடு முடித்தோம். அவர் உப்புச் சரியென்றார்.

காய்ச்சல் மெல்ல இறங்கியது. பிறகு எடுத்த படத்தில் பொட்டுகள் சுருங்கிக் கிடந்தன. கிட்னிக்கும் மோசமில்லை. அந்த டொக்டர் பிள்ளை படத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து முதலில் காட்டியது எனக்குத்தான். இப்போது இவர் வெங்காயத்துக்குப் பசளை போடுகிறார், என்னோடு கொழுவிச் சண்டை பிடிக்கிறார், எல்லாம் முன்போல.

வெள்ளிக்கிழமைகளில் கடைக்குத் தானே சைக்கிளில் போவார். பேரை மட்டும் இன்னமும் வாயால் சொல்லமாட்டார். "அந்த ஈரல் மருந்திலை ஒரு பைக்கற் தாரும்" என்று கேட்பாராம். கடைக்காரரும் சிரிக்காமல் எடுத்துக் கொடுப்பாராம்.