தெமள நங்கியும் இருட்டறையும்

போன கிழமை வெள்ளவத்தையில், காலி வீதியோரக் கடையொன்றில் அரிசி நிறுக்க நின்றபோது, பின்னால் ஒரு வினாகிரிப் போத்தல் விழுந்து உடைந்தது. எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகினார்கள். நான் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றேன். துடைக்க வந்த பெண், "அன்ரி, கண்ணாடி கிடக்கு, தள்ளி நில்லுங்கோ" என்று இரண்டு தரம் சொல்ல வேண்டியிருந்தது. வினாகிரி என்றால் உங்களுக்கு அச்சாறு ஞாபகம் வரும். எனக்கு எக்ஸ்ரே படம் கழுவும் இருட்டறைதான் வரும். அந்த மருந்துத் தொட்டிகளின் புளித்த நெடி கிட்டத்தட்ட இதேதான். அது வந்தால் கூடவே எரிச்சலும் வரும். ஆகவே இனிய நினைவு ஏதோ வரப்போகிறது என்று உட்கார்ந்திருந்தால் இப்போதே மன்னித்துக்கொள்ளுங்கள்.

நான் கொட்டாஞ்சேனைக்காரி. அப்பா துறைமுகத்தில் கிளாக். உயர்தரத்தில் மருத்துவத்துக்குப் புள்ளி போதாமல், எக்ஸ்ரே எடுக்கும் படிப்புக்கு நான் தெரிவானபோது, அப்பா ஞாயிறு பூசை முடிந்து வருகிறவர்களிடமெல்லாம் மாதா கோயில் வாசலில் நின்று சொன்னார். அடுத்த ஞாயிறே முழங்கால் வலிக்காரர்கள் இரண்டு பேர் வீட்டுக்கு வந்து காலை நீட்டிக் காட்டினார்கள். அதுவரை நான் எக்ஸ்ரே இயந்திரத்தைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. ஆனாலும் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு பார்த்தேன். வெள்ளைக் கோட்டுக்குத் துணி எடுக்கப் புறக்கோட்டைக்குப் போனபோது, கடைக்காரர் கேட்காமலே "மகள் ஆஸ்பத்திரிக்குப் போடுறதுக்கு" என்று சொன்னார் அம்மா. அவ்வளவு பெருமை.

முதலில் வகுப்பறைப் படிப்பு. அது முடிய நகரத்தின் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் பயிற்சி. அங்கே ஒரு ஒழுங்கு உண்டு. ஆரம்பத்தில் ஃபில்ம் வைத்த கசெட்டுகளைச் சுமக்க வேண்டும். பிறகு நோயாளியை மேசையில் சரியாகக் கிடத்தப் பழக வேண்டும். கடைசியில்தான் தடுப்புக்குப் பின்னால் நின்று பட்டனை அமத்த விடுவார்கள். பட்டனை யாரும் அமத்தலாம். கிடத்துவதுதான் படிப்பு. இடுப்பை எவ்வளவு திருப்புவது, தோளை எங்கே பிடிப்பது, வலியில் துடிக்கிறவரை எப்படி அசையாமல் வைத்திருப்பது என்பதெல்லாம் புத்தகத்தில் இருந்து தலைக்கு வரும், கைக்கு வராது. கைக்கு வரவேண்டுமென்றால் கை வைத்துச் செய்ய வேண்டும்.

போய்ச் சேர்ந்த புதிதில் ஹட்டன் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். நெஞ்சுப் படம். மூச்சை இழுத்துப் பிடித்தால்தான் படம் தெளிவாக விழும். எங்கள் இன்சார்ஜ் சேர் சிங்களத்தில் சொன்னார். இங்கிலிசில் சொன்னார். பிறகு தானே மூச்சை இழுத்து, நெஞ்சைப் புடைத்துக் கண்ணை உருட்டிக் காட்டினார். அந்த அம்மா பயந்துபோய்க் கையெடுத்துக் கும்பிட்டார். அங்கே நின்றவர்களில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான். கிட்டப் போய், "அம்மா, மூச்ச நல்லா இழுத்து அப்பிடியே வச்சிருங்க" என்றேன்.

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார் அவர்.

படம் அருமையாக வந்தது. சேர் எல்லோருக்கும் முன்னால் என்னைப் பாராட்டினார். அன்றிரவு சாப்பாட்டில் அந்தக் கதையை நான் வீட்டில் இரண்டு தரம் சொன்னேன். சனியனை விலை கொடுத்து வாங்கியிருக்கிறேன் என்று அப்போது தெரியவில்லை.

அதோடு என் பெயர் போய்விட்டது. "தெமள நங்கி கோ?" தமிழ்த் தங்கச்சி எங்கே என்று நடைபாதையின் அந்தத் தலையிலிருந்து ஒரு குரல் வரும். திட்டுவதில்லை, அன்பாகத்தான் கூப்பிடுவார்கள். முதலில் எக்ஸ்ரே அறைக்குள் மட்டும். பிறகு விபத்துப் பிரிவு. பிறகு மேல்மாடி வார்டுகள். எங்கே நோகிறது, எப்போது கடைசியாகச் சாப்பிட்டது, ஒப்பரேஷனுக்குச் சம்மதமா, புருஷன் ஏன் பார்க்க வரவில்லை. எல்லாவற்றுக்கும் நான். மன்னாரிலிருந்து வந்த ஒருவர், டொக்டர் போன பிறகும் என் மணிக்கட்டை விடவில்லை. "இன்னும் கொஞ்சம் நில்லு பிள்ள, இஞ்ச ஒருத்தரும் என்னோட கதைக்கினமில்ல" என்றார். அவரிடம் எனக்குப் படிப்பு இருக்கிறது என்று எந்த வாயால் சொல்வது? நின்றேன்.

திரும்பி வந்தால் நான் பாதியில் விட்ட நோயாளியை வேறு யாராவது கிடத்தி முடித்திருப்பார்கள். பெரும்பாலும் நிலூகா. மாத்தறைப் பெண், என் வகுப்பிலேயே எனக்கு நெருக்கமானவள். "கோவிக்காத, அந்த மனுசனுக்கு நோகுது, அதுதான் நான் செஞ்சிட்டன்" என்று அவளுடைய சிங்களத்தில் சொல்வாள். அவள் செய்தது சரி. அதனால்தான் எனக்கு இன்னும் ஆத்திரம் வரும். அவளுடைய கை நாளுக்கு நாள் பழகிக்கொண்டு வந்தது. எனக்கு வாய்தான் பழகியது.

இருட்டறையை நான் தற்செயலாகத்தான் கண்டுபிடித்தேன். அங்கே போக ஒருவருக்கும் விருப்பமில்லை. காற்று இல்லை, நெடி தலையைப் பிளக்கும், கையைத் தோலுரிக்கும். ஆனால் ஒரு சட்டம் இருந்தது. உள்ளே ஃபில்மைக் கசெட்டிலிருந்து வெளியில் எடுத்திருந்தால் கதவைத் திறக்கக் கூடாது. திறந்தால் வெளிச்சம் பட்டு எல்லாம் கருகிவிடும். டொக்டர் வந்தாலும் சரி, பணிப்பாளரே வந்தாலும் சரி, தட்டிவிட்டு நிற்க வேண்டும். முதல் நாள் வெளியே "தெமள நங்கி கோ?" என்று கேட்டது. "பொட்டக் இன்ன, ஃபில்ம் வெளிய இருக்கு" என்றேன். கொஞ்சம் பொறுக்கச் சொன்னேன், பொறுத்தார்கள். அந்த ஆஸ்பத்திரியில் நான் சொல்லி ஒருவர் பொறுத்தது அதுதான் முதல் தடவை.

பிறகென்ன, நானாகவே கேட்டுக் கேட்டு உள்ளே போனேன். அந்த நெடி பிடித்த கையோடு பஸ் ஏறினால் பக்கத்துச் சீட்டுக்காரர் எழும்பி வேறிடம் போவார். வீட்டில் கரண்டியால் சோறு சாப்பிட்டேன். சிவப்பு வெளிச்சத்தில் படங்கள் மெல்ல மெல்லத் தெளிந்து வரும்போது யார் எங்கே பிழைவிட்டார்கள் என்று எனக்குத் தெரியும். இது கால் அதிகமாகத் திரும்பியது, இது தோளெலும்பின் நுனி வெட்டுப்பட்டது, இது ஆள் அசைந்தது. அடுத்தவர்களின் பிழையெல்லாம் பாடம். சொந்தமாகப் பிழைவிடத்தான் எனக்குச் சந்தர்ப்பம் கிடைக்கவில்லை.

ஒருநாள் துணிந்து சேரிடம் போனேன். என்னையும் முழுசாக ஒரு படம் எடுக்க விடுங்கள், யாரும் கூப்பிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டேன். அவர் கெட்ட மனிதரல்ல. கதிரையை இழுத்துப் போட்டு இருக்கச் சொன்னார். "நங்கி, அவங்க செய்யிறத நீங்க எப்ப வேணுமெண்டாலும் பழகலாம். நீங்க செய்யிறத அவங்களால செய்ய ஏலாது தானே" என்று சிங்களத்தில் சொன்னார். தேத்தண்ணியும் வாங்கித் தந்தார். அந்தத் தேத்தண்ணியைக் குடித்ததற்காக நான் என்னையே இன்றுவரை வைதுகொண்டிருக்கிறேன்.

செய்முறைப் பரீட்சையும் அங்கேதான் நடந்தது. எனக்குக் கிடைத்தவர் இடுப்பு முறிந்த ஒரு வயதான சிங்களவர். பக்கவாட்டுப் படம். முறியாத காலை உயர்த்தி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்தத் தொடை குறுக்கே விழுந்து படத்தை மறைத்துவிடும். மெதுவாகப் பேசிப் பேசி அவருடைய காலைத் தூக்கித் தாங்கியில் வைத்தேன். கசெட்டைச் சரிக்கட்டினேன். செய்துவிடலாம் என்று எனக்கே நம்பிக்கை வந்தது.

அப்போது சேர் கதவடியில் வந்து நின்றார். அடுத்த அறையில் நிலூகாவின் பரீட்சை. அவளுடைய நோயாளி வவுனியாவிலிருந்து வந்த பெண், நெஞ்சுப் படம், சொல்வது ஒன்றும் விளங்கவில்லை. "நங்கி, ஒரே ஒரு நிமிஷம்" என்றார். மறுத்திருக்கலாம் என்று நீங்கள் சொல்வீர்கள். சுவருக்கு அந்தப் பக்கம் அந்தப் பெண் அழுகிற சத்தம் கேட்டது. போனேன். சொன்னேன். அவர் மூச்சைப் பிடித்தார். நிலூகா பட்டனை அமத்தினாள்.

திரும்பி வந்தபோது என் கிழவர் களைத்துப்போய்க் காலைக் கீழே போட்டிருந்தார். ஆளும் நகர்ந்திருந்தார். வேறு ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பரீட்சகர் அதற்குள் என் அறைக்கு வந்து மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் எங்கே போனேன் என்று அவருக்குத் தெரியாது, சேரும் சொல்லவில்லை. அவசரமாகக் காலைத் தூக்கினேன், கிழவர் வலியில் கத்தினார், படத்தை எடுத்தேன். அதை நானே இருட்டறைக்குள் கொண்டுபோய்க் கழுவினேன். இடுப்பின் பாதியை மறைத்துக்கொண்டு மற்றத் தொடை விழுந்திருந்தது. அடுத்தவர்களுடையதாக இருந்திருந்தால் ஒரு நொடியில் பிழை சொல்லியிருப்பேன். உள்ளேயே நின்று அழுதேன். வெளியே யாரோ தட்டினார்கள். ஃபில்ம் வெளிய இருக்கு என்றேன். அது பொய், படம் ஏற்கெனவே காயப்போட்டாயிற்று.

அன்றைய மிகச் சிறந்த படம் நிலூகாவுடையது என்று பரீட்சகர் எல்லோருக்கும் தூக்கிக் காட்டினாராம். கன்ரீனில் அவள் என் தோளில் சாய்ந்து அழுதாள், நீ இல்லாவிட்டால் நான் இல்லை என்றாள். அவள்மேல் பிழையில்லை என்று தெரியும். அவளோடு பிறகு நான் கதைக்கவில்லை என்பதும் உண்மை.

செய்முறையில் நான் தவறினேன். அடுத்த பிரிவினரோடு அதே ஆஸ்பத்திரியில் மறுபடி பயிற்சி செய்து எழுதலாம் என்றார்கள். மறுபடியும் அதே நடைபாதை, அதே "தெமள நங்கி கோ?". போகவில்லை. அப்பா வேறு கோயிலுக்குப் பூசைக்குப் போகத் தொடங்கினார். நான் வெள்ளவத்தையில் ஒரு டொக்டர் நடத்திய தனியார் எக்ஸ்ரே நிலையத்தில் இருட்டறை உதவியாளராகச் சேர்ந்தேன். அந்த ஒரு வேலையில் மட்டும் என்னை அடிக்க ஆளில்லை.

இப்போது அந்த வேலையே உலகத்தில் இல்லை. தொட்டி இல்லை, சிவப்பு விளக்கு இல்லை, நோயாளி மேசையை விட்டு இறங்குவதற்கு முன்பே படம் திரையில் வந்துவிடுகிறது. எங்கள் இடத்துக்குப் புது இயந்திரம் வந்தபோது இருட்டறையின் கதவைக் கழற்றி, சுவருக்கு வெள்ளை அடித்து, நோயாளிகள் உடுப்பு மாற்றும் இடமாக்கினார்கள். இனி என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன். டொக்டர் கூப்பிட்டு இருத்தினார்.

"மிஸ், உங்களுக்கு மூண்டு பாஷையும் நல்லா வரும்தானே. இனி முன் கவுண்டர்ல இருங்கோ. ஆக்களோட கதைக்க உங்களப் போல ஒருத்தர் எனக்குக் கிடைக்காது."

"ஓம் டொக்டர்" என்றேன்.

சம்பளத்தையும் கூட்டித் தந்தார். நல்லெண்ணத்தில்தான் செய்தார். எல்லோரும், எப்போதும், என்னிடம் நல்லெண்ணத்தில்தான் கேட்டார்கள்.