ரீலுக்கு ஒரு தொங்கல்

தருமபுரி டூரிங் கொட்டகையில் படம் ஓட்ட ஒரே மிஷின்தான். ஒரு ரீல் ஓடி முடிந்ததும் விளக்கைப் போட்டுவிடுவார்கள். அடுத்ததை மாட்டுகிற வரைக்கும் முறுக்கு, கலர் சோடா, பீடி. திரையில் கதாநாயகன் பாறை விளிம்பில் கிடப்பான். எப்படித் தப்புவான் என்று கீழே மண்ணில் நாங்கள் அடித்துக்கொள்வோம். சினிமாக் கதையை இப்படித்தான் எழுதுவார்கள் என்று நம்பினேன். இன்டர்மீடியட் வரை படித்தவன்தான் நான்!

யுத்த காலம். சேலத்தில் ஒரு ஸ்டுடியோ முதலாளி சண்டைப் படத்துக்குக் கதை தேடுகிறார் என்று கேள்விப்பட்டு வெறிபிடித்தாற்போல் எழுதினேன். ரீலுக்கு ஓர் ஆபத்து. அடுத்த ரீலின் தொடக்கத்தில், பீடி குடிக்கப் போனவர்களுக்காக, நடந்ததை ஒருவன் வந்து சுருக்கிச் சொல்வான்.

அப்பா எனக்குப் பொம்மிடியில் புளி மண்டிக் குமாஸ்தா வேலை பேசி வைத்திருந்தார்.

"ஆடி முடியறவரைக்கும்தான். அதுக்குள்ள அந்தாளு சரின்னு சொல்லலீன்னா மண்டிக்குப் போயிரணும். அப்புறம் இந்த வூட்டுல சினிமாப் பேச்சே கூடாது."

நான் போட்ட கடிதத்துக்கு முதலாளி வரச் சொன்னது ஆடியின் கடைசி நாளில். பெட்ரோல் கிடைக்காமல் கரிப்புகையில் ஓடிய பஸ் தொப்பூர்க் கணவாயில் இரண்டு தடவை நின்றது. போய்ச் சேர்ந்தால், எழுதியதை அவர் கையால்கூடத் தொடவில்லை.

"வாயால சொல்லு தம்பி."

சொன்னேன். நாலாவது ரீலுக்கு வந்தபோது அவர் பக்கத்திலிருந்த ஸ்டண்ட் மாஸ்டர் சிரித்துவிட்டார்.

"கயித்துக்கு எங்கீங்க போறது மொதலாளி? ரீலுக்கு ஒருத்தன் தொங்கறானே!"

"ரீல் மாத்தணுங்களே, அதுக்குங்க" என்றேன்.

முதலாளி சிரிக்கவில்லை. "பட்டணத்துல ரெண்டு மிஷின் தம்பி. ஒண்ணு முடியறப்பவே இன்னொண்ணு ஓடும். விளக்கே போடமாட்டான். நடுவுல வெட்டு இல்லாம கோத்துக்கிட்டு சாயந்தரம் வா."

வாசல் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, சுருக்கிச் சொல்பவனை எல்லா இடத்திலும் பேனாவால் அடித்தேன். அடித்த பிறகுதான் ஓட்டை தெரிந்தது. நாலாவது ரீலில் அருவிக்கு மேலே கயிற்றில் தொங்குகிறவன் ஐந்தாவதில் குதிரைமேல் போகிறான். எப்படி இறங்கினான்? நான் எழுதவே இல்லை. அது கொட்டகை ஜனங்களின் வேலை என்று விட்டிருந்தேன். எத்தனை யோசித்தும் ஒரு வழி கிடைக்கவில்லை.

சாயந்தரம் அந்தக் கயிறுவரை சொல்லி நின்றேன்.

"அப்புறம்?"

"கயிறு மழையில நனைஞ்சு அறுந்துருதுங்க."

"நனைஞ்சா இறுகும்யா" என்றார் ஸ்டண்ட் மாஸ்டர்.

முதலாளி செருப்பைக் காலில் மாட்டினார். நான் குறுக்கே போய் நின்றேன்.

"அவன் தப்பலீங்க! செத்துட்டான்!"

"நாலாவது ரீல்லயா? மிச்சத்துக்கு யாரு, உங்கப்பனா?"

"அவன் தங்கச்சிங்க. அவதான் குதிரை ஏறுவா." முதல் ரீலில் ஒரு பாட்டுப் பாடிவிட்டுக் காணாமல் போனவள் அவள்.

முதலாளி மாட்டிய செருப்பைக் கழற்றினார்.

"இத்தனை நாழி எங்கய்யா இருந்தா?"

"தெரியலீங்க."

"காலைல தெரிஞ்சிருக்கணும். செட்டுக் கொட்டாயில படுத்துக்க."

சரி என்று அவர் சொல்லவில்லை. வெளியே தருமபுரிக்குப் போகும் கடைசி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. நான் பேனாவைத் திறந்தேன்.