எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்டு

திருவொற்றியூரில் என் கடைப் பலகையில் 'ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம்' என்று எழுதியிருக்கும். தெருவில் யாரும் அதைப் படித்ததில்லை. கம்ப்யூட்டர் அக்கா கடை என்பார்கள். உள்ளே இரண்டு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், அப்புறம் என்னுடைய வாய். இந்த நான்கில் ஓய்வே இல்லாமல் ஓடுவது எது என்று பக்கத்துக் கடையில் கேட்டால் சொல்வார்கள்.

கடையில் ஒரு வழக்கம் வைத்திருந்தேன். ரேஷன் கார்டோ, கல்லூரியோ, வேலையோ, யாருக்கு எந்த விண்ணப்பம் போட்டாலும் பாஸ்வேர்டு ஒன்றேதான். கடைப் பெயர், நடுவில் ஒரு குறி, கடைசியில் ஒன்று இரண்டு மூன்று. வேறு வைக்கலாமா என்று யாரும் கேட்டதில்லை. "நீயே வெச்சுக்கோக்கா, எங்களுக்கு இன்னா ஞாபகம் கீது" என்பார்கள். ஒரு வருடம் கழித்து வந்து நின்றாலும் பத்து நொடியில் திறந்து கொடுத்துவிடுவேன். தெருவுக்கே ஞாபகசக்தி நான்தான் என்று எனக்குக் கொஞ்சம் கொழுப்பும் இருந்தது.

அந்தக் கொழுப்பு ஒரே மாலையில் கரைந்தது. கல்லூரிக் கலந்தாய்வு நடந்துகொண்டிருந்த சமயம். பிள்ளைகள் தங்களுக்கு வேண்டிய கல்லூரிகளை வரிசையாக இணையதளத்தில் போட்டு, கடைசி நாள் மாலை ஐந்து மணிக்குள் அந்த வரிசையைப் பூட்ட வேண்டும். பூட்டாவிட்டால் அந்தச் சுற்றில் இடம் கிடையாது. கடைசி நாள்வரை மாற்றலாம் என்பதால் எல்லாரும் கடைசி நாள்தான் வருவார்கள். கூட்டமெல்லாம் காலையில் முடிந்து, மூன்று மணிக்கு மேல் அந்தப் பெண் வந்தாள்.

பின்தெருப் பெண். அவள் அப்பா எண்ணூர் பக்கம் ஓர் எண்ணெய்க் கிடங்கில் டேங்க் சுத்தம் செய்யும் ஒப்பந்தத் தொழிலாளி. காலியான டேங்குக்குள் ஆள் நுழையும் அளவு ஓட்டை வழியாக இறங்கி, அடியில் தேங்கிய கசடை வாரி வெளியேற்றும் வேலை. உள்ளே இறங்கலாம் என்று வெளியே நின்று கையெழுத்துப் போட ஒரு இன்ஜினியர் இருப்பார். "அந்தக் கையெழுத்து போடறவங்களா நான் ஆவணும்க்கா" என்று முந்தின வாரம் என்னிடம் சொல்லியிருந்தாள். அவள் மதிப்பெண்ணுக்கு அந்தச் சுற்றில் அரசுக் கல்லூரியே கிடைக்கும். அடுத்த சுற்று என்றால் சந்தேகம்தான்.

வழக்கமான பாஸ்வேர்டைத் தட்டினேன். தவறு என்றது. கேப்ஸ் லாக் பார்த்துவிட்டு மறுபடி தட்டினேன். தவறு, இன்னொரு முறை தவறினால் இன்றைக்குக் கணக்கு திறக்காது என்றும் சேர்த்துச் சொன்னது.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. என் பாஸ்வேர்டு தோற்றதே கிடையாது.

"இன்னாடி பண்ண? நீ மாத்தினியா?"

"இல்லக்கா. நான் தொடவே இல்ல."

"தொடாம தானா மாறிக்குமா? எவ போன்லயாச்சும் போட்டுப் பாத்தியா?"

"இல்லக்கா. சத்தியமா."

"பொய் சொல்லாத. உங்களுக்கெல்லாம் எல்லாம் தெரியும்னு நெனப்பு."

அவள் அழுகிறாளா என்றுகூட நான் பார்க்கவில்லை. 'பாஸ்வேர்டு மறந்துவிட்டதா' என்பதை அழுத்தினேன். ஓடிபி அனுப்பியாயிற்று, பத்து நிமிடம்தான் செல்லும் என்று வந்தது. கீழே போன் நம்பரின் கடைசி இரண்டு எண்கள்.

"அது அப்பா நம்பர்க்கா" என்றாள்.

அவர்கள் வீட்டில் அதுதான் வழக்கம். சர்க்கார் காகிதம் எதற்கும் அப்பா நம்பர்தான், பல வருடமாக மாறாத நம்பர் அது ஒன்றுதான். அவள் கையில் இருந்தது அம்மாவின் பட்டன் போன். அதிலிருந்து அப்பாவுக்குப் போட்டாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. திரும்பவும் அடித்தது, எடுக்கவில்லை.

"உள்ள போன் எடுத்துனு போகக்கூடாதுக்கா. கேட்லயே பொட்டில வெச்சிட்டு டோக்கன் வாங்கினு போவாரு."

எண்ணெய்க் கிடங்கில் ஒரு சின்னப் பொறி போதும் என்பதால் வாசலிலேயே போனை வாங்கி வைத்துவிடுவார்கள். எனக்கும் தெரியும், இந்தப் பக்கத்தில் பாதி வீட்டு ஆண்களின் போன் பகல் முழுக்க ஏதோ ஒரு வாசலில்தான் கிடக்கும். தெரிந்தும், பத்து நிமிடம் கழிந்ததும் ஆத்திரத்தில் இன்னொரு முறை ஓடிபி அனுப்பு என்று அழுத்தித் தொலைத்தேன். யாருக்கு அனுப்பினேன்? பெட்டிக்குள் கிடக்கும் போனுக்கு. இன்றைக்கு இனி ஒரு முறைதான் அனுப்ப முடியும் என்று திரை சொன்னபோதுதான் மவுஸிலிருந்து கையை எடுத்தேன்.

மணி மூன்றே முக்கால். ஸ்டாண்டில் நின்ற ஆட்டோவைக் கூப்பிட்டு அவளை ஏற்றினேன்.

"கேட்டுக்குப் போய் எனக்கு போன் போடு. போன் அப்பா கைக்கு வந்த பிறகுதான் நான் இங்க அழுத்துவேன். புரியுதா?"

தலையாட்டினாள். ஆட்டோ கிளம்பிய பிறகுதான் எண்ணூர் சாலை ஞாபகம் வந்தது. துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரிகள் சாலையை அடைத்துக்கொண்டு நிற்கும் நேரம் அது.

கடையில் உட்கார முடியவில்லை. ஜெராக்ஸ் எடுக்க வந்த ஒருவரை மெஷின் ரிப்பேர் என்று திருப்பி அனுப்பினேன். திரையின் மூலையில் இருக்கும் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான்கு ஐந்து. நான்கு பத்து. நான்கு பதினெட்டுக்கு அவள் கூப்பிட்டாள்.

"அக்கா, செக்யூரிட்டி போனைத் தர மாட்டேங்கறாரு. டோக்கன் கேக்கறாரு. டோக்கன் அப்பாகிட்ட கீது. அப்பா டேங்குக்குள்ள கீறாரு."

"அவர்கிட்ட குடு."

செக்யூரிட்டி லைனுக்கு வந்தார். நான் பேசினேன் என்று சொல்வது பொய்; கத்தினேன். பெண்ணின் வாழ்க்கை, கவர்மென்ட் காலேஜ், உங்கள் வீட்டில் பெண்பிள்ளை இல்லையா என்று வரிசையாக.

"யம்மா, நீ கத்தினா பொட்டி தொறக்காது" என்றார் அவர் நிதானமாக. "அடுத்தவன் போனை எடுத்து நான் குடுத்தேன்னு வை, நாளைக்கு எவனாச்சும் காணோம்னு வந்து நிப்பான். அந்தாளு வெளிய வரட்டும். வாக்கிடாக்கியில சொல்லி வுடறேன்."

டேங்குக்குள் இருப்பவரை நினைத்த நேரத்தில் மேலே இழுத்துவிட முடியாது. டேங்க் ஓட்டையில் ஒருவர் பெயர்ப் பதிவேட்டுடன் நிற்பார், இறங்கினவர்களை எண்ணி ஏற்ற வேண்டும், பெல்ட்டைக் கழற்ற வேண்டும். அந்தப் பெண் லைனை வெட்டாமல் போனைப் பிடித்துக்கொண்டே நின்றாள். எனக்கு லாரி ஹாரனும் அவள் மூச்சும் மட்டும் கேட்டன. இடையில் இணையதளம் என்னை வெளியே தள்ளிவிடுமோ என்று பயந்து பக்கத்தை மெதுவாக மேலும் கீழும் நகர்த்திக்கொண்டே இருந்தேன். அதனால் ஏதாவது பலன் உண்டா என்று இன்றைக்கும் தெரியாது.

நான்கு முப்பத்தொன்பதுக்குத் தடதடவென்று பூட்ஸ் சத்தம். "இன்னாம்மா? அம்மாக்கு இன்னாச்சு?" என்றது ஓர் ஆண் குரல். பாவம், வீட்டில் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று ஓடி வந்திருக்கிறார். அவள் சொன்னாள். டோக்கன் போனது, போன் வந்தது. ஆனால் வாசலில் போட்டிருக்கும் மஞ்சள் கோட்டுக்கு உள்ளே போனைப் பயன்படுத்தக்கூடாதாம், சாலைக்குத்தான் போக வேண்டும்.

"வெளிய போனா இன்னிக்குத் திரும்ப உள்ள வுட மாட்டாங்க, தெரியும்ல?" என்றார் செக்யூரிட்டி.

சாலை இரைச்சல் திடீரென்று அதிகமானது.

"அழுத்துக்கா" என்றாள்.

கடைசி வாய்ப்பு. அழுத்தினேன்.

ஓடிபி வரவில்லை. ஒரு நிமிடம். அவள் அப்பா போனைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்திருப்பதாகச் சொன்னாள். இரண்டு நிமிடம். எனக்குத் தெரிந்த எல்லாச் சாமிகளையும், பக்கத்துத் தெரு தர்காவையும் சேர்த்துக் கூப்பிட்டேன். மூன்றாவது நிமிடம் அவள் ஆறு எண்களைக் கத்திச் சொன்னாள். தட்டினேன். புதிய பாஸ்வேர்டு கேட்டது. பழசையே கொடுக்க விடாது என்று கடைசியில் நான்கைச் சேர்த்தேன். உள்ளே போனோம்.

மணி நான்கு நாற்பத்தாறு. கல்லூரி வரிசை எழுதிய தாள் அவள் பையில், பை என் கடையில் என்று நினைத்துத் தேடப் போனேன்.

"தேடாதக்கா, நான் சொல்றேன்" என்றாள்.

ஒவ்வொரு கல்லூரிக்கும் ஓர் எண் உண்டு, பாடத்துக்கு இரண்டு எழுத்து. அத்தனையையும் நடுச்சாலையில் நின்று மனப்பாடமாக ஒப்பித்தாள். ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. நான்தான் தப்பாகத் தட்டி இரண்டு முறை அழித்தேன். பூட்டும்போது இன்னொரு ஓடிபி கேட்டது. அது அந்தக் கடைசி வாய்ப்போடு சேராது போலிருக்கிறது, உடனே அவர் போனுக்குப் போனது, அவள் எண்களைச் சொன்னாள். நான்கு ஐம்பத்தாறுக்குத் திரையில் பச்சைக் கட்டம் வந்தது. பூட்டியாயிற்று.

அப்படியே விட்டிருக்கலாம். என் வாய் சும்மா இருக்காதே. "உங்க அப்பாகிட்ட போனைக் குடு" என்றேன். "அண்ணே, உங்க பொண்ணு கை வெச்சு மாத்தினதாலதான் இவ்ளோ பேஜாரு. கொஞ்சம் சொல்லி வைங்க" என்றேன். போனை வைப்பதற்கு முன்னால் அவர் அவளிடம், "ஏன்டி? ஏன்டி இப்டி பண்ண?" என்று கேட்பது காதில் விழுந்தது. அவள் பதில் வருவதற்குள் வைத்துவிட்டேன்.

ஒரு டீ வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தேன். ஐந்தே கால் இருக்கும். முன்தெரு அம்மா ஒருத்தி கையை வீசிக்கொண்டு வந்தாள். அவள் பையனும் அதே கலந்தாய்வுதான். தெருவில் எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்டு, எவனாவது விளையாட்டுக்கு என் பையன் வரிசையைக் கலைத்துவிட்டால் என்ன செய்வது என்று போன செவ்வாய்க்கிழமை சண்டை பிடித்து, புதிய பாஸ்வேர்டு போட்டுச் சீட்டில் எழுதி வாங்கிப் போனவள்.

"யம்மா, நல்லா ஏமாத்துற. மாத்திட்டேன்னு சீட்டு குடுத்தியே, அது எடுக்கவே இல்ல. பையன் பழசைப் போட்டான், தொறந்துக்கிச்சு. நீ இன்னாத்த மாத்தின?"

அதெல்லாம் மாற்றினேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். மாற்றியது நன்றாக ஞாபகம் இருந்தது. பழைய பாஸ்வேர்டைக் கேட்டது, தட்டினேன், ஏற்றது, புதியது போட்டேன், 'வெற்றிகரமாக மாற்றப்பட்டது' என்றது. அப்படியிருந்தும் இந்தப் பையனுக்கு மாறவில்லை என்றால் யாருக்கு மாறியது?

செவ்வாய்க்கிழமை இதே கம்ப்யூட்டர். இவள் வருவதற்குச் சற்று முன்னால் அந்த நாற்காலியில் உட்கார்ந்து கல்லூரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தவள் பின்தெருப் பெண். அவள் எழுந்து போனதும் அவள் பக்கத்தை நான் மூடவில்லை. திறந்து கிடந்த அவள் கணக்கில், இவள் பையனுடையது என்று நினைத்துப் பாஸ்வேர்டை மாற்றியிருக்கிறேன். வேறு எந்தக் கடையாக இருந்தாலும் பழைய பாஸ்வேர்டு ஒத்துப்போகாமல் கம்ப்யூட்டரே தடுத்திருக்கும். என் கடையில்தான் எல்லாருக்கும் ஒன்றாயிற்றே. ஏற்றுக்கொண்டது.

முன்தெரு அம்மாவிடம் என்ன சொல்லி அனுப்பினேன் என்று ஞாபகமில்லை. வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பயம் அதிகமாக இருந்தது. நானே மறைத்துவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை என்பதும் மனதில் ஓடியது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

ஐந்தே முக்காலுக்கு இருவரும் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். அவர் உடுப்பெல்லாம் கறுப்பு எண்ணெய், கண் சிவந்திருந்தது. கையில் சூடாக ஒரு பஜ்ஜிப் பொட்டலம், எனக்கு. "நீ இல்லைன்னா இன்னிக்கு அவ்ளோதான்மா" என்று மேஜைமேல் வைத்தார். பெண் அவருக்குப் பின்னால் இரண்டடி தள்ளி நின்றாள். முகம் வீங்கியிருந்தது.

"அண்ணே, அவ மாத்தல" என்றேன். "நான்தான் மாத்தினேன். தெரியாம."

செவ்வாய்க்கிழமை நடந்ததை முழுக்கச் சொன்னேன். முடித்ததும் அவர் என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். மகள் பக்கம் திரும்பினார்.

"நீ ஏம்மா சொல்லல?"

"சொன்னேன்" என்றாள். "அக்காகிட்டயும் சொன்னேன், உன்கிட்டயும் சொன்னேன். ரெண்டு பேரும் கேக்கல."

கோபமாகச் சொல்லவில்லை. வழியெல்லாம் அழுது முடித்துவிட்டவளின் குரல். நான் மன்னித்துக்கொள் என்று ஆரம்பித்தேன். அவள் கேட்டதாகத் தெரியவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தன் கணக்கைத் திறந்து, பாஸ்வேர்டு மாற்றும் பக்கத்துக்குத் தானே போனாள். நான் வழக்கம்போல உதவக் குனிந்தேன்.

கீபோர்டின்மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டு, "அந்தப் பக்கம் திரும்பிக்கோக்கா" என்றாள்.

திரும்பிக்கொண்டேன். பக்கத்தில் அவள் அப்பாவும், யாரும் சொல்லாமலே, தெருவைப் பார்த்துத் திரும்பி நின்றார்.