வட்டிலப்பமும் சிங்களமும்

மொழியை எப்படிக் கற்பிக்க வேண்டுமென்று ஆயுள் முழுக்கப் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திய என்னைப்போல ஒரு மடையன் கல்முனையில் இருக்க முடியாது. என் வீட்டுக் குசினியில் பேசுகிற சிங்களமே எனக்கு விளங்காது.

நேற்றுப் பின்னேரம் அங்கிருந்து ஏலக்காயும் கித்துள் கருப்பட்டியும் கலந்த வாசம் வந்தது. சீனி வருத்தக்காரனான எனக்கு வட்டிலப்பம் அவித்தபடி, கண்டிக்காரியான மனைவி மகளோடு சிங்களத்தில் குசுகுசுத்தாள்.

சின்ன வயதிலும் இதே வாசம்தான். அம்பாறையில் புடவைக்கடை வைத்திருந்த வாப்பாவும் மாமாவும் என் முன்னால் சிங்களத்தில் கதைத்துச் சிரித்தார்கள். உம்மா வட்டிலப்பம் ஊட்டிவிட்டா. உடுக்கப் புதுச் சாரனும் கிடைத்தது. பெருநாள் முந்தி வந்துவிட்டது என்று நினைத்தேன். பிறகு கவிழ்த்த உரலில் என்னை இருத்தி, மாமா பின்னாலிருந்து இறுக்கிப் பிடித்தார்.

"மேல பாரு மருமகன், பிளேன் போகுது."

பார்த்தேன். ஓட்டில் பல்லிதான் இருந்தது. அதற்குள் கீழே கத்தியோடு குந்தியிருந்த ஒஸ்தா சுன்னத்தை முடித்துவிட்டார். வலி ஆறிவிட்டது. வாப்பா பக்கத்தில் நின்று சிரித்தது இன்னும் ஆறவில்லை.

அந்த ரோசத்தில் சிங்களத்தையே காதில் ஏற்றவில்லை. மனம் முறிந்த பிள்ளைக்குள் மொழி இறங்காது என்று வகுப்புகளில் சொல்வேன். அந்தப் பிள்ளை யாரென்று சொன்னதில்லை.

மனைவி கோப்பையை நீட்டினாள். என் கண்ணில் வெள்ளை படர்ந்தும் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் மாதக்கணக்காய் நான் சாட்டுச் சொல்லி வருவது அப்போதுதான் உறைத்தது.

"இந்த முறை எங்க வெட்டப் போறீங்க?"

"கண்ணுலதான். தின்னுங்க."