யானை கடக்கும்வரை

அங்கன்வாடியில் விளையாட்டுப் பொருள்களை அன்றன்றைக்கே எடுத்து அடுக்கிவிட வேண்டும் என்பது விதி. நல்ல விதிதான். கதை பாதியில் நிற்க வீட்டுக்குப் போன குழந்தையை அந்த விதியை எழுதியவர் பார்த்ததில்லை போலும்.

அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் பேத்தியை விளாங்குடி மையத்தில் கொண்டுபோய் விடுவது என் பொறுப்பானது. விட்டுவிட்டுத் திரும்பலாம். உள்ளே கதை ஓடியதால் நான் திரும்பவில்லை.

வைகையில் வெள்ளம். இக்கரையில் கொக்கு, ஆமை, யானை. அந்த இடத்தில் டீச்சர் கதையை நிறுத்திவிட்டார். இனிப் பிள்ளைகள்தான் பாலம் கட்ட வேண்டும். கோச்சடை மரப்பட்டறையில் கேட்டு வாங்கி, முனை மழுங்கத் தேய்த்த துண்டுக்கட்டைகள் கிடந்தன. கட்டிய தூரம் வரைக்கும் பாலத்தின்மேல் கொக்காக ஒற்றைக்காலில் நிற்க வேண்டும், ஆமையாகத் தவழ வேண்டும். கட்டையைச் சரித்தவரே நிமிர்த்த வேண்டும். அழுகிறவர்கள் அழுது முடித்துவிட்டு நிமிர்த்தலாம். பாலம் எதிர்ச்சுவரைத் தொட்டால்தான் யானை கடக்கும், கதையும் முடியும்.

"டீச்சர், யானைக்கு டோல் உண்டா?" என்றாள் ஒருத்தி.

"யானைகிட்ட எவன்டி கேப்பான்?" என்றார் டீச்சர்.

எத்தனையோ ஆய்வுக் கூட்டங்களில் உட்கார்ந்திருக்கிறேன். குரல் உயர்த்தாமல் இவ்வளவு வேலை வாங்கியவரை அங்கே பார்த்ததில்லை.

பாலம் பாதி அறையை எட்டியபோது மேற்பார்வையாளர் வந்தார். "இதென்ன, தரையெல்லாம் கட்டை? சாயங்காலத்துக்குள்ள எடுத்துருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

டீச்சர் முகம் வாடிவிட்டது. "தெனமும் கலைச்சா இது எப்ப சார் அந்தச் செவத்துக்குப் போகும்? பிள்ளைக யானை யானைன்னு கெடக்குதுக."

"மனுக் கொடுங்கள். கதை முடியும்வரை அப்படியே இருக்க அனுமதி வேண்டும் என்று," என்றேன்.

"கேட்டா வேணாம்னுதான் சார் சொல்வாக."

"சொல்லட்டும். எப்போது சொல்வார்கள் என்பதுதான் விஷயம்."

மனுவை நானே எழுதினேன். முடிவு தெரியும்வரை தற்போதைய நிலை தொடர வேண்டுகிறோம் என்ற கடைசி வரியில் என் பணிக்காலம் முழுவதும் இருந்தது. அன்றே அலுவலகத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கி வந்தோம்.

அடுத்த முறை மேற்பார்வையாளர் வந்தபோது டீச்சர் அந்த நகலை நீட்டினார். அவர் படித்தார். பாலத்தைப் பார்த்தார். வாசலில் நின்ற என்னையும் பார்த்தார்.

"இது நீங்க எழுதுனதா சார்?"

"ஆமாம்மா."

"அதான பாத்தேன்." சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கட்டை எதிலும் கால் படாமல் சுற்றிப் போய்ப் பதிவேட்டில் கையெழுத்திட்டார்.

அதன்பின் டீச்சர் என்னைக் கண்டதும் கேட்பார்: "பதிலு கிதிலு வந்துருச்சா சார்?"

"இல்லை."

"நல்லதாப் போச்சு."

அரசாங்கத்தின் தாமதத்தை இத்தனை நன்றியோடு யாரும் அனுபவித்திருக்க மாட்டார்கள். பாலம் ஒவ்வொரு கட்டையாக நீண்டது. ஒரு வெள்ளிக்கிழமை எதிர்ச்சுவரைத் தொட்டது. யானையாக யார் போவது என்று அடிதடி நடக்கவிருந்தது. எல்லாரும் யானை என்றார் டீச்சர். ஆளாளுக்கு ஒரு கையைத் தும்பிக்கையாக ஆட்டிக்கொண்டு, முன்னால் போகிறவரின் சட்டையைப் பிடித்தபடி கடந்தார்கள். என் பேத்தி நடுவில் ஒரு கட்டையைத் தட்டிவிட்டு, இறங்கி நிமிர்த்திவிட்டு, மறுபடி யானையானாள். அக்கரை சேர்ந்ததும் டீச்சர் கதையை முடித்தார். பிள்ளைகள் அவர்களாகவே பாலத்தைப் பிரித்தார்கள். அடுத்த கதைக்குப் பஸ் ஸ்டாண்டு வேண்டுமாம்.

அனுமதிக்க இயலாது என்ற பதில் அடுத்த திங்கட்கிழமை வந்தது.