உளறல் என்று எழுதப்பட்ட வசனம்

மெல்போர்னில் படம் முடிந்ததும் யாரும் எழுந்து ஓடுவதில்லை. உட்கார்ந்து அதைப் பற்றிப் பேசுகிறார்கள். மதுரையில் ‘வணக்கம்’ என்ற எழுத்து திரையில் வருவதற்குள் பாதிக் கூட்டம் சைக்கிள் ஸ்டாண்டில் நிற்கும். இருபது வருடமாகியும் எனக்கு இது புதுசாகத்தான் இருக்கிறது.

போன மாதம் எங்கள் தமிழ்ச் சங்கம் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படத்தைத் திரையிட்டது. சீட்டாட்டத்தில் வீட்டை இழப்பவனின் கதை. இந்த ஊர்க்காரர்களும் வருவார்கள் என்று ஆங்கில சப்டைட்டில் போட்டிருந்தார்கள். படத்தின் நடுவில் பெரிய தலைப்பாகையோடு ஒரு கோமாளி சீட்டு மேசைக்கு வந்து, கதாநாயகனின் தோளை உலுக்கி ஏதோ சொல்லிவிட்டுப் போவார். அவர் என் பெரியப்பா.

எங்கள் வீட்டு மொழி சௌராஷ்டிரம். சேலை விற்கச் சென்னைக்குப் போன பெரியப்பாவுக்குத் தற்செயலாக அந்த வேடம் கிடைத்தது. யாருக்கும் புரியாதபடி எதையாவது பேசு, ஜனங்கள் சிரிக்கட்டும் என்றாராம் டைரக்டர். பெரியப்பா நிதானமாக எங்கள் மொழியில் சொன்னார்: “ஆடினது போதும், எந்திரி. வீட்ல சோறு ஆறுது.” மதுரைத் தியேட்டரில் எங்கள் தெருவே கைதட்டியதாக அப்பா சொல்வார். பள்ளியிலோ பையன்கள் அந்தக் கோமாளியைப் போலப் பேசிக்காட்டி என்னை அழவைத்தார்கள். அதன்பிறகு ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் அம்மா எங்கள் மொழியில் கூப்பிட்டால், நான் தமிழில்தான் பதில் சொல்வேன். சங்கத்திலும் இத்தனை வருடமாக இதைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை.

அன்று அந்தக் காட்சி வந்தது. கீழே ஆங்கிலத்தில், ‘அர்த்தமற்ற உளறல்’ என்று எழுத்து ஓடியது. அரங்கம் சிரித்தது. இங்கேயே பிறந்து, வீட்டில் எங்கள் மொழி பேசி வளர்ந்த என் மகள் ஹேமா திரும்பி என்னைப் பார்த்தாள். “எதுக்குப்பா சிரிக்கிறாங்க? அவர் சரியாத்தானே சொல்றாரு?” என்று சௌராஷ்டிரத்தில் கேட்டாள்.

படம் முடிந்து பேச்சு தொடங்கியபோது நான் எழுந்து நின்றேன். அது உளறல் இல்லை, என் தாய்மொழி என்று தொடங்கி, அந்த வசனத்தின் பொருளையும் சொன்னேன். அந்தப் படத்தில் யாராவது காதுகொடுத்துக் கேட்டிருக்க வேண்டிய ஒரே பேச்சு அதுதான் என்றேன். முன்வரிசையில் இருந்த இந்த ஊர்க்காரர் பீட்டர், உங்கள் ஆட்கள் மதுரைக்கு எப்போது வந்தார்கள் என்று கேட்டார். பல ‘செஞ்சுரீஸ்’ ஆயிற்று என்றேன். “ஓ, செவன்டீஸிலா?” என்றார். நூற்றாண்டுகள் என்று விளக்கியதும், அப்படியானால் நீங்கள் தமிழர் இல்லையா என்றார். தமிழனும்தான் என்றேன். அந்த ‘உம்’மைச் சொல்ல எனக்கு ஐம்பது வயதாகியிருக்கிறது.

வாடிப்பட்டிக்காரரான சங்கச் செயலாளர் முருகேசன் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். சின்ன வயதில் அந்தக் கோமாளி மாதிரி தானும் பேசிக்காட்டியிருப்பதாக ஒப்புக்கொண்டார். “இம்புட்டு நாளா சொல்லவே இல்லையேண்ணே. அந்த வரிய நம்ம பாப்பாவையே எழுதித் தரச் சொல்லுங்க, மாத்திருவோம்” என்றார்.

அந்தப் படத்தின் அடுத்த திரையிடலில் ஹேமா எழுதிய வரி வந்தது, மொழியின் பெயரோடு. யாரும் சிரிக்கவில்லை. அதைப் படம் பிடித்துப் பெரியப்பாவுக்கு அனுப்பிவிட்டு, கார் நிறுத்தத்திலிருந்து போன் செய்தேன். அவருக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. அன்று டைரக்டர் ஒருமுறைகூட அர்த்தம் கேட்கவில்லை என்றார். பிறகு, வீட்டுக்கு எப்போது வருகிறாய் என்று கேட்டார். அதே நேரம் காருக்குள்ளிருந்து ஹேமா, வீட்டுக்குப் போகலாம் வாங்கப்பா என்றாள். ‘வீடு’ என்பதற்கு இருவரும் எங்கள் மொழியின் ஒரே சொல்லைத்தான் சொன்னார்கள். இருவருக்கும் சேர்த்து, வருகிறேன் என்றேன்.